எஸ்தர் டீச்சரும் சாயம் போன முகமூடியும்

எஸ்தர் டீச்சர் போயிட்டாங்கன்னு அவங்க மகள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினபோது, நான் மாமல்லபுரத்தில் டீச்சர் வீட்டு வாசலைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. சர்ச்சில் அவங்களுக்காகப் போடும் நினைவு மலரில் எனக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அஞ்சாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. டீச்சரைத் தெரிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் பப்புவா நியூ கினியில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே அபேலம் என்கிற ஜனங்கள் கொடுத்த முகமூடி கூடத்துச் சுவரில் தொங்கும். கொடியில் பின்னினது. மஞ்சள், சிவப்பு மண்சாயம். சல்லடை மாதிரி வட்டக் கண். தொண்ணூத்தஞ்சு வாக்கில் டீச்சர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கேட்டேன்.

"இன்னா டீச்சர் இது, பூச்சாண்டி மாதிரி கீது?"

"கிழங்குக்குக் கட்டுறது, சரோஜா. ஆள் உயரத்துக்கு வள்ளிக்கிழங்கு விளைய வெச்சு, முகமூடி கட்டி, பூ வெச்சு, ஊர் நடுவுல நிறுத்துவாங்க."

"கிழங்குக்கு அலங்காரமா? நாங்க அவிச்சித் துன்னுட்டுப் போய்க்கினே இருப்போம்."

டீச்சர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். பிறகு ஒரு போட்டோ காட்டினார். தலை முழுக்கப் பின்னல் கவிழ்த்து, உடம்பெல்லாம் ஓலை தொங்க ஒரு ஆள். "உள்ள யாருன்னு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாங்க. சாயம் பூசிட்டா அது மனுஷன் இல்ல, ஆவி" என்றார்.

ஒரு ஐப்பசியில் டீச்சர் கூடுவாஞ்சேரிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எழுப்பின சுவர் ரெண்டு தடவை விரிசல் விட்டது. கண் பட்டுவிட்டது என்றார்கள். பூசணிக்காயில் முகம் வரைந்து கட்டியிருக்கலாம். எனக்கு அந்த வட்டக் கண்தான் ஞாபகம் வந்தது. டீச்சர் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. எடுத்துப்போய்ச் சாரத்தில் கட்டினேன். ரெண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் அவிழ்ப்பதற்குள் சாயமெல்லாம் வழிந்து வெறும் பின்னல்தான் மிச்சம். காயவைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.

டீச்சர் வந்து பார்த்து, அதை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஜன்னல மூடாம போயிட்டேன் போல. பின்னுனவர் எவ்வளவு நம்பிக் கொடுத்தாரு" என்றார். நான் தலையாட்டினேன். வாய் வரைக்கும் வந்தது. வேலை போய்விடுமோ என்று விழுங்கிவிட்டேன். அப்புறம் வருகிறவர்களிடமெல்லாம், "என் அசட்டையால கெட்டுப்போச்சு" என்பார். நான் பக்கத்தில் காபி டம்ளரோடு நிற்பேன். உங்களில் பலருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

போன வாரம் மகள் முகமூடியை ஒரு கல்லூரிக்குக் கொடுக்க எடுத்துவைத்தார். கூட வைக்கும் சீட்டில், 'அம்மா ஜன்னலை மூடாததால் சாயம் போனது' என்று எழுதினார்.

"அத அடிச்சிடும்மா. சரோஜா எடுத்துக்கினு போயி திருஷ்டிக்குக் கட்டுனா, மழையில போச்சுன்னு எழுது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

அவர் என்னைப் பார்க்காமலே அடித்து எழுதினார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போன அன்று, சொந்தக்காரங்க மட்டும்தான் என்று நர்ஸ் என்னை நிறுத்தினாள். உள்ளேயிருந்து டீச்சர், "விடும்மா, அவ எங்க வீட்டு ஆளு" என்றார். அன்றைக்கும் கால் அமுக்கிவிட்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை. டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது 'எங்க வீட்டு ஆளு' என்ற அந்த ஒரு வார்த்தைதான். உண்மை தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரோ என்னவோ. அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால் ஆள் இல்லை.