என் கட்டுரைக்கு வேறொருவர் பெயர்

கட்டுரையைத் திருப்பி அனுப்பிய வாரப் பத்திரிகை ஆசிரியர் இரண்டே வரிதான் எழுதியிருந்தார். 'இதே கட்டுரை இணையத்தில் வேறொருவர் பெயரில் வெளியாகியிருக்கிறது. விளக்கம் தேவை.' நான் எழுதியதற்கு நானே திருடி ஆகிவிட்டேன்.

அப்போது பிள்ளைகளின் படிப்புக்காக ஊரை விட்டுத் தஞ்சாவூரில் வாடகைக்கு இருந்தோம். கணவர் சவுதியில். அவரைப் போல வெளிநாடு போனவர்களின் வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பத்திரிகையிலும் எனக்கு வேலை கிடையாது. பெயருக்குக் களங்கம் வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆசிரியர் சொன்ன கட்டுரையை இணையத்தில் தேடிப் பார்த்தேன். வளைகுடாத் தமிழர்கள் நடத்தும் இணைய இதழ். என் வரிகள், என் பத்திகள், நான் செய்திருந்த ஒரு எழுத்துப்பிழைகூட அப்படியே. கீழே முன்பின் கேட்டிராத ஒரு ஆணின் பெயர்.

முதல் சந்தேகம் தட்டச்சு செய்யும் பெண்மேல் விழுந்தது. மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தாள். திருவிடைமருதூர்ப் பக்கம் நடவுக்குப் போகும் குடும்பத்திலிருந்து பட்டம் படித்து வந்தவள். என் கையெழுத்துப் பிரதி அவள் வழியாகத்தான் கணினிக்குள் போகும். "அக்கா, இந்த எடத்துல சின்ன ர-வா, பெரிய ற-வா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். முன்பு பிடித்திருந்த அந்தக் கேள்விகள் இப்போது உறுத்தின. இவ்வளவு கவனம் எதற்கு? அடுத்த கட்டுரையை அவள் தட்டச்சு செய்து முடித்ததும், கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டே கிளம்பினேன். பத்திரிகை அலுவலகத்தின் மேலும் நம்பிக்கை இல்லை. அங்கே எத்தனை பேர் கைக்குப் போகிறதோ.

ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் எழுதி, கூடவே அந்தப் புதிய கட்டுரையையும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் ஐஎஸ்டி பூத்தில் வரிசையில் நின்ற பெண்களைப் பற்றியது. அதில் பொறி வைத்தேன். தட்டச்சுக்குக் கொடுத்த பிரதியில் பூத்தின் கடிகாரம் பத்து நிமிடம் தாமதமாக ஓடியது. ஆசிரியருக்குப் போன தாளில் அதைப் பேனாவால் அடித்து, கடிகாரம் நின்றுவிட்டதாக மாற்றினேன். என் எழுத்தையெல்லாம் கணவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது வழக்கம். கோப்பை அழிக்கும் முன் சென்டரிலிருந்தே அவருக்கு அனுப்பியபோது அந்த ஒரு சொல்லை நானே மாற்றினேன்; அதில் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடியது. அவர்மேல் சந்தேகம் என்று இல்லை. ஒரு பிரதியில் மாற்றிய கை அதோடு நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே தளத்தில், அதே பெயரில் கட்டுரை வந்தது. கடிகாரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு முறை படித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பேசியபோது நேராகவே கேட்டேன்.

"மச்சான், நான் அனுப்புறத யாருக்காவது கொடுக்குறீங்களா?"

"ரூம்ல எல்லாரும் படிப்பாங்க. ஒருத்தன் நல்லா இருக்குன்னு கேட்டான், அனுப்பி வச்சேன்."

"அவர் தன் பேர்ல போட்டுருக்காரு."

"போட்டா என்ன இப்ப? வீட்டு விஷயத்தையெல்லாம் எழுதுற. பொம்பள பேரோட வந்தா நாலு பேரு பேசுவாங்க. அவன் பேர்ல வந்தா உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். அந்தத் தெரியாது கொஞ்சம் தாமதமாக வந்தது. இன்றுவரை அதை என்னால் நம்பவும் முடியவில்லை, பொய் என்று முடிவு கட்டவும் முடியவில்லை.

தளத்துக்கு எழுத வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய், கையெழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்து தரும்படி அந்தப் பெண்ணிடமே கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"என்னைத்தானே முதல்ல நெனச்சீங்க?"

கையிலிருந்த பக்கங்களை மறுபடி அடுக்கினேன்.

"நீங்க ஃபைல அழிச்சுட்டுப் போறப்பவே தெரியும்க்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லங்க" என்றாள். எப்போதும் அக்கா என்றுதான் முடிப்பாள்.

ஸ்கேன் செய்த பக்கங்களையும், கணவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் தேதிகளையும் பார்த்தபின் இணைய இதழ்காரர்கள் இரண்டு கட்டுரைகளையும் நீக்கினார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி போட்டார்கள். அதில் என் பெயர் இல்லை. நான் மறுபடி எழுதினேன், அதன்பின் சேர்த்தார்கள். வாரப் பத்திரிகை பூத் கட்டுரையை என் பெயரில் வெளியிட்டது. ஊரிலிருந்து யாரும் எதுவும் பேசியதாக என் காதுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நானே தட்டச்சு கற்றுக்கொண்டேன். அச்சில் வரும்வரை எதையும் கணவருக்கு அனுப்புவதில்லை. "இப்பல்லாம் எழுதுறதில்லையா?" என்று ஒருமுறை கேட்டார். பிள்ளைகளுக்குப் பரீட்சை, நேரமில்லை என்றேன். அந்த வாரம்தான் ஒரு நீண்ட கட்டுரையை முடித்திருந்தேன்.