பேத்தியின் நான்கு பற்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதக் காலையில், நாமக்கல்லில் ஒரு பல் மருத்துவமனையில் நடந்தது இது. அப்போது என் பேத்திக்குப் பதினொரு வயது. மேல்வரிசைப் பற்கள் முன்னே துருத்திக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. கம்பி கட்ட இடம் வேண்டும், அதற்காக நல்ல பற்கள் நான்கைப் பிடுங்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அன்று அதற்கான நாள்.

மகளுக்கும் மருமகனுக்கும் விடுப்புக் கிடைக்காததால் பொறுப்பு என்னிடம் வந்தது. வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். மகள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் என்று தயாராகப் போயிருந்தேன். முதல் நாளே மருத்துவமனையில் கொடுத்த படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். குறட்டை உண்டா, வாய் வழியாக மூச்சு விடுவதுண்டா, அடிக்கடி சளி பிடிக்குமா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். ஓர் இடத்தில் ‘உண்டு’ என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் கொடுத்தால் இணைப்பு கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று திருத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பேத்தியைக் கேட்கவில்லை.

காத்திருக்கும் அறையில் எங்களுக்கு எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர். பேத்தி வழக்கம்போல வாயைத் திறந்தபடி மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வாயை மூடு” என்றேன். மூடினாள். சற்று நேரத்தில் அது மறுபடி திறந்துகொண்டது.

“ஏனுங்க சார், பாப்பாவுக்கு மூக்கடைப்புங்களா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“அதெல்லாம் இல்லைங்க. கெட்ட பழக்கம். சொன்னாக் கேக்கறதில்லை.”

“எங்களுக்குக் கோழிப்பண்ணைங்க. வெயிலுக்குக் கோழி வாயத் தொறந்து மூச்சு உடும், அது சகஜம். நெழல்ல சும்மா நிக்கறப்பவும் உட்டுதுன்னா, அன்னிக்கே தனியாப் பிரிச்சு டாக்டருகிட்டக் காட்டீருவோமுங்க. இங்க ஏசி ஓடுது, பாருங்க.”

“என் பேத்தி கோழி இல்லைங்க.”

“அதத்தான் நானுஞ் சொல்றனுங்க. கோழிக்கே பாக்கறோம்.”

பேத்தி சிரித்துவிட்டாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். மரத்துப்போகும் ஊசி தட்டில் தயாராக இருந்தது. வெளியே ஒரு கோழிப் பண்ணைக்காரர் வைத்தியம் சொல்கிறார் என்று மருத்துவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பல் பார்க்கும் சிறிய கண்ணாடியைத் துடைத்து, பேத்தியின் மூக்குக்குக் கீழே பிடித்தார். வாயை மூடிக்கொள்ளச் சொன்னார். மூச்சுக் காற்று பட்டால் கண்ணாடி மங்க வேண்டும். அது மங்கவே இல்லை. அறையின் விளக்கு அதில் பளிச்சென்று தெரிந்தது. பேத்தியின் முகம் சிவந்தது. பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டாள்.

மருத்துவர் கோப்பைப் பிரித்து நான் நிரப்பிய பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

“எல்லாமே ‘இல்லை’ன்னு போட்டிருக்கீங்களே சார்.”

பிறகு பேத்தியிடம், “மூக்குல மூச்சு விடறது கஷ்டமா இருக்காம்மா?” என்றார்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். “எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றாள்.

அன்று பல் பிடுங்கவில்லை. ஆண்டுக்கணக்காக வாயாலேயே மூச்சு விடும் குழந்தைக்கு நாக்கு அண்ணத்தில் படிவதில்லை, மேல்தாடை குறுகிவிடும், பற்களுக்கு இடம் போதாது என்று மருத்துவர் விளக்கினார். மூக்கைச் சரி செய்யாமல் பல்லை வரிசைப்படுத்தினால் அது நிற்பது சந்தேகம் என்றார். சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையை அறுவை சிகிச்சையில் அகற்றினார். பிறகு தாடையை விரிக்கும் கருவி பொருத்தினார்கள். அந்த நான்கு பற்களும் இன்றும் அவள் வாயில்தான் இருக்கின்றன. அந்த அம்மாளுக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. வெளியே வந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது; அளவெடுக்க வேறோர் அறைக்குப் போயிருந்தார். காத்திருந்து சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த மாதம், மருத்துவரிடம் மறுபடி காட்டுவதற்காக எங்கள் ஊரான ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போனோம். வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலை உண்டு. அதன் கழிவுநீர் நாற்றத்தை எதிர்த்து நான் நான்கு மனுக்கள் எழுதியிருக்கிறேன். பேருந்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

“தாத்தா, என்ன நாத்தம் இது?” என்றாள் பேத்தி.

அதே சாலையில் அவளை எத்தனையோ முறை அழைத்துப் போயிருக்கிறேன்; ஒருமுறைகூட அவள் இப்படிக் கேட்டதில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இன்னொரு முறை நன்றாக இழுத்துப் பார்த்தாள். என் வீட்டிலேயே வளர்ந்த குழந்தைக்கு இத்தனை ஆண்டுகளாக எதுவெல்லாம் எட்டாமலே இருந்தது என்பதை ஒரு நாற்றம்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்ற நினைப்பு, அந்த ஆலையைத் தாண்டும்போதெல்லாம் என்னைத் தலைகுனிய வைக்கிறது.