டிராக்டருக்கு முன்னாடி நடந்த ஆள்

பெசன்ட் நகர் பீச்சுல மணல் சலிக்கிற டிராக்டர் ஓட்டுறவன் நான். ஞாயித்துக்கிழமை சனங்க போட்டுட்டுப் போற பாட்டிலு, சோளக்கட்டை, அறுந்த செருப்பு எல்லாத்தையும் பின்னாடி மாட்டின மிஷின் மணலோட அள்ளி, சலிச்சு, குப்பையை மட்டும் எடுத்துக்கும். கேக்க சுளுவாத்தான் கீது. ஆனா வண்டில ஏறின நாள்லருந்து எனக்கு ஒரே பயம்: மணலுக்குள்ள ஆள் இருந்துட்டா? கால்வலிக்காரங்க வெயில் ஏறினதும் வந்து, சுடுமணல்ல குழி பறிச்சு, கழுத்து வரைக்கும் மூடிக்கினு படுப்பாங்க. தலைமேல ஈரத்துண்டு போட்டுட்டா, சீட்டுல உக்காந்து பாக்குறவனுக்கு அது ஏதோ கிழிஞ்ச துணி. ஏத்திட்டா அவ்ளோதான். பின்னாடி மிஷின்ல பல்லு வேற இருக்குது.

அதனால எங்ககிட்ட ஒரு வழக்கம். வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் நடந்தாத்தான் வண்டி நகரணும். எங்க அக்காதான் நடக்கும். கூடப் பொறந்த அக்கா இல்ல, கூட வேலை செய்யுற அக்கா. பச்சைக் கோட்டு போட்டுக்கினு, கழியால மணலைக் குத்திக்கினே போவும். அது நின்னா நானும் நிப்பேன். என் கண்ணை நான் நம்புறதே இல்ல, அக்காவோட முதுகைத்தான் நம்புவேன்.

எப்பவும் உச்சிவெயில் வர்றதுக்கு முன்னாடி முடிஞ்சிடுற வேலை. அந்தக் கத்திரி வெயில்ல ஒரு நாள் வண்டி மக்கர் பண்ணிடுச்சு. ரேடியேட்டர் வலை பூரா உப்பும் பொடிமணலும் அடைச்சுக்கினு காத்து போக வழியில்ல. பிரஷ் போட்டுத் தேச்சு, தண்ணி அடிச்சு, ஏர் ஃபில்டர்ல கறுத்துப்போன ஆயிலை மாத்தினேன். ஃபேன் பெல்ட்டும் பிஞ்சு தொங்குச்சு. சிந்தாதிரிப்பேட்டைக்குப் போயி புதுசு வாங்கியாந்து மாட்டறதுக்குள்ள உச்சிவேளை ஆயிடுச்சு.

உச்சிவேளைல அந்த பீச்சு வேற ஊரு. ஒரு காக்கா இல்ல, நாயி இல்ல. கடைங்க தார்ப்பாய் மூடிக் கெடக்கும். அலைச் சத்தம்கூட கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி கேக்கும். சீட்டு தோசைக்கல்லா சுட்டுச்சு, சாக்கை மடிச்சுப் போட்டு உக்காந்தேன். பாத்தா, அக்கா ஏற்கெனவே முன்னாடி நடந்துகினு இருந்துச்சு. கானல்ல காலு தெரியல, இடுப்புக்கு மேல பச்சைக் கோட்டு மட்டும் ஆடிக்கினே போச்சு. கழியை மணல்ல குத்தல, தோள்மேல சாய்ச்சு வெச்சிருந்துச்சு. வெயில்ல அலுப்பு போலன்னு நெனைச்சுக்கினு பின்னாடியே ஓட்டினேன். அது நிக்கவே இல்ல. நானும் நிக்கல.

கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் சூடு காட்டுற முள்ளு சரசரன்னு சிவப்புல ஏறிச்சு. புது பெல்ட்டு அப்படித்தான், ஓட ஓடத் தளரும், நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டணும். சனியனே, இப்பத்தானே உன்னைக் குளிப்பாட்டினேன்னு திட்டிக்கினே நிறுத்தினேன். கொதிக்கிற இன்ஜினை உடனே அணைக்கக் கூடாதுன்னு ஓடவுட்டுட்டு எறங்கி, முன்னாடி பாத்துக் கத்தினேன்.

"அக்கா, தண்ணி கேன் எங்கக்கா?"

"கொண்டாந்துகினுதானடா கீறேன், இன்னாத்துக்குக் கத்துற?"

சத்தம் பின்னாடிலருந்து வந்துச்சு. ரெண்டு கையிலயும் கேனோட, சர்ச்சு பக்கத்துக் கொழாயிலருந்து மூச்சு வாங்க வந்துகினு இருந்துச்சு அக்கா. "நான் வர்றதுக்குள்ள யாரைக் கேட்டு வண்டியை எடுத்த?"

திரும்பி முன்னாடி பாத்தேன். யாரும் இல்ல. வெறும் மணல். முன்வீலுக்கு ஒரு கை தூரத்துல ஒரு நீலத் துண்டு கெடந்துச்சு. அது மெல்ல ஏறிச்சு, எறங்கிச்சு. மூச்சு.

ரெண்டு பேருமா கையாலயே மணலைத் தள்ளி அந்தப் பெரியவரை வெளிய இழுத்தோம். எனக்குப் பயத்துல கோவம்தான் வந்துச்சு.

"இன்னா பெரியவரே, இவ்ளோ பெரிய வண்டி வர்றது காதுல வுழலியா?"

அவரு தூக்கத்துலருந்து எழுந்த மாதிரி நிதானமா சொன்னாரு. "வுழுந்துச்சு நைனா. எழுந்திரிக்கத்தான் பாத்தேன். இந்தம்மாதான் வந்து, வண்டி இந்தப் பக்கம் வராது, நீ பாட்டுக்குத் தூங்குன்னு சொல்லி, துண்டையும் மூஞ்சி மேல இழுத்து வுட்டுட்டுப் போச்சு."

அவரு கை காட்டினது அக்காவை.

அக்கா மணல்ல அப்படியே உக்காந்துடுச்சு. வெயில்ல அவருக்கு மண்டை கலங்கியிருக்கும்னு நான்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஆனா வெயில் எனக்கும்தானே காட்டியிருக்குது, அதே பச்சைக் கோட்டை.

மறுநாள் விடியக்காலைல வண்டியைக் கெளப்பினேன். பெல்ட்டு கச்சிதமா இருந்துச்சு, முள்ளு அசையல. அக்கா முன்னாடி போவல, வீலு பக்கத்துலயே கழியைப் புடிச்சுக்கினு நின்னுச்சு.

"நான் முன்னாடி நடக்கறேன். அது நான்தான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அப்பப்போ பேர் சொல்லிக் கூப்புடறேன்க்கா. திரும்பிப் பாரு."

"அதுவும் திரும்பிப் பாத்துச்சுன்னா இன்னாடா பண்ணுவ?"