அப்பாவின் தவளை பொய் சொல்லவில்லை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்களைத் தள்ளிவிட்டேன். அத்தை உயிரோடு இருக்கும்வரை எழுதக் கூடாது என்று மனதுக்குள் ஒரு தடை. போன தையில் அத்தையும் சிவலோகம் போய்விட்டாள். அவளுடைய பதினாறாம் நாள் விசேஷப் பந்தியில், பேரன் பேத்தி எடுத்துவிட்ட அவளுடைய மூத்த மகனே, "எங்க மாமாவோட தவளை இல்லைன்னு சொன்ன பிள்ளை நான்லா" என்று சொல்லிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அப்பா தென்காசியில் ஒரு டாக்டரிடம் லேப் டெக்னீஷியனாக இருந்தார். அந்தப் பேர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கு அவர் கம்பவுண்டர். ரத்தம், சளி, மூத்திரம் இவற்றைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. காலையில் தனக்குத் திருநீறு பூசிக்கொள்வதுபோல மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு கீற்றுப் பூசிய பிறகே அதில் கண் வைப்பார். சாயங்காலம் வந்ததும் இன்னொரு குளியல். அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னிவிடுவது, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

கர்ப்பம் நின்றிருக்கிறதா என்று சீக்கிரமே அறிய அந்தக் காலத்தில் தவளைதான் வழி. பெண்ணின் காலை மூத்திரத்தை ஆண் சொறித்தவளைக்கு ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் கழித்துத் தவளையின் நீரை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அதில் தவளையின் உயிரணு தெரிந்தால் கர்ப்பம் உண்டு. தெரியாவிட்டால் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் அந்தி சாய நானும் அண்ணனும் பானையோடு அப்பா பின்னால் தவளை பிடிக்கப் போவோம். வேலை முடிந்ததும் அவற்றைச் சிற்றாற்றங்கரையில் விட்டுவிடுவார். "சம்பளம் கேக்காத வேலைக்காரங்க, பத்திரமா அனுப்பணும்" என்பார்.

அப்பாவின் தங்கையான அத்தையைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. பல வருஷமாகக் குழந்தை இல்லை. மாமியார்க்காரி மகனுக்கு இரண்டாம் தாரம் தேட ஆரம்பித்துவிட்டாள். அதெல்லாம் கூடாது என்று சட்டம் வந்தாயிற்று என்றார்கள்; எங்கள் பக்கத்தில் அதை யார் மதித்தார்கள்? அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தைக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அப்பா பரிசோதித்தார். கர்ப்பம் உண்டு. வெற்றிலை பழத்தோடு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிச் சுரண்டைக்குச் சொல்லப் போனார்.

"ஏன் தம்பி, சாமி சொல்லணும், இல்ல டாக்டரம்மா சொல்லணும். தேரை சொல்லுதுன்னு வந்து நிக்கியளே" என்றாள் மாமியார்க்காரி. "தேரை மோந்தா தேங்காயே உள்ள ஒண்ணுமில்லாம சப்பிப் போவுது. இவ வயிறு என்னத்துக்கு ஆவும்? தங்கச்சி வாழணும்னு அண்ணன் ஆயிரம் சொல்லுவாரு. அவளை இங்கன அனுப்புங்க. நானே ஒரு பாட்டில் குடுத்துவிடுதேன், அதையும் பாத்துச் சொல்லுங்க."

அப்பா சரி என்றார். அத்தை சுரண்டைக்குப் போனாள். சில நாளில் வாழை இலையில் சுற்றிய பாட்டில் ஒன்று ஆள் மூலம் வந்தது. அப்பா ஒரு தவளைக்கு இரண்டு தவளையாகப் பார்த்தார். கர்ப்பம் இல்லை.

அடுத்த வாரம் சுரண்டைக்காரர்கள் அத்தையையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள். குளியல் ஒரு சாக்கு. அங்கே ஒரு சத்திரத்தில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கி முடிவு கேட்டார்கள். அப்பா வாசலில் நின்றபடி, "பாட்டில்ல வந்ததுக்குக் கர்ப்பம் இல்லை. என் தங்கச்சிக்கு உண்டு" என்றார்.

மாமியார்க்காரி மோவாயில் கை வைத்தாள். "கேட்டியளா கதைய. தங்கச்சிக்கு உண்டாம், பாட்டிலுக்கு இல்லையாம். அப்போ பிள்ளைய யாரு பெறுவா, பாட்டிலா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையை, "இவ இங்கனயே கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டு அருவிக்குப் போனார்கள். தலை காய்வதற்குள் பெரிய வீட்டுப் பெண் ஒருத்திக்குப் பூவும் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம். "ஆமான்னு சொல்லியிருந்தா என்னப்பா? மைக்ராஸ்கோப்புல நீங்க மட்டும்தான பாத்திய?" என்று அழுதேன். "பாட்டில்ல இருந்ததத்தானம்மா சொல்ல முடியும்" என்றார்.

அத்தையைக் காப்பாற்றியது அடுத்துப் பிறந்த ஆடி மாதம்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது. அது அம்பாள் கொடுத்த அவகாசம் என்றே இன்றும் நம்புகிறேன். மாதம் முடிவதற்குள் அத்தையின் வயிறு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவும் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். சுரண்டைக்காரர்கள் பூ வைத்த பெண்ணை அப்படியே விட்டுவிட்டு வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். அந்தப் பெண் என்ன ஆனாளோ, அவளுக்காக ஒருவரும் ஒரு வார்த்தை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. பெண்கள் நடுவில் வெற்றிலை மென்றுகொண்டு மாமியார்க்காரி சொன்னாள்: "அந்தப் பாட்டில்ல இருந்தது என்னோடதுல்லா, மருமவளது இல்ல. அண்ணன்காரரு பொய் சொல்லுதாரான்னு பாத்தேன். மனுசன் நெசத்தத்தான் சொல்லியிருக்காரு."

"மதினி கெட்டிக்காரிதான்" என்று ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அப்படியானால் அன்று எங்கள் வாசலில் நின்றபோதே அவளுக்குத் தெரியும். அப்பா பொய் சொல்லாதவர் என்று தெரியும். அவர் முதலில் சொன்னதும் நிஜம் என்றும், மருமகள் வயிற்றில் பேரப்பிள்ளை இருக்கிறது என்றும் தெரியும். தெரிந்துதான் இன்னொரு பெண்ணுக்குப் பூ வைத்தாள். சோதித்தது அவரை, தேறினதும் அவர், ஊர் சிரித்ததும் அவரைப் பார்த்து. இதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் காதில் விழுந்திருந்தது. "எல்லாரும் இருக்காவ, இப்பவே கேளுங்கப்பா" என்றேன். "அத்தைக்கு வளையல் போடுத நேரம். போய்க் குங்குமத்த எடுத்துட்டு வாட்டி" என்றார். பந்தியில் அந்த அம்மாளின் இலைக்கு அவரே குனிந்து பாயசம் ஊற்றினார்.

அப்பா பயந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். பிரசவம் முடிந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தை திரும்பிப் போய்ச் சோறு வாங்கி உண்ண வேண்டிய கை அந்த மாமியார்க்காரியின் கை என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். கடைசிவரை அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தை அந்த வீட்டில் நல்லபடியாக வாழ்ந்தாள். பேச வேண்டியவர் பேசாமல் இருந்ததால், அப்பாவின் தவளை இல்லை என்று சொன்னதென்ற பொய்யே கதையாக நிலைத்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். சிரிக்க வைக்க ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். மரியாதைக்காக ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம்.