லெயோனில் சிங்கம் இல்லை

பெனில்டே ரொட்டியைக் காப்பியில் முக்கியபடியே புது ஆளிடம் பேரைக் கேட்கமாட்டாள், ஊரைத்தான் கேட்பாள். "சரகோசாவா! ரோமாபுரிக்காரன் வச்ச பேரு சீசர் அகுஸ்தா. சீசர் அகுஸ்தா, சீசர் அகுஸ்தான்னு வேகமா பத்து வாட்டி சொல்லிப் பாருங்க. நாக்கு குழறி சரகோசாவுல வந்து நிக்கும்!" மெரிதாக்காரர் என்றால் இன்னும் கொண்டாட்டம். "எமெரிதா! ரிட்டையரான ரோமாபுரிச் சிப்பாய்ங்களுக்குக் கட்டுன ஊரு. ஊரே பென்ஷன் ஊருங்க!" காப்பி ஆறுவது தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டு என் கடையில் நின்றவர்கள் பலர்.

ஐம்பத்து நான்கு வயது. பொக்லைன் ஓட்டுகிறாள். சட்டைப் பையில் லத்தீன் அகராதி, பக்கமெல்லாம் கிரீஸ் ரேகை.

எதிர்க்கடைக் கசாப்புக்காரர் மக்காரியோவுக்கு அவள் பேச்சு ஆகாது. எங்கள் ஊர்ப் பெயரான லெயோன் என்றால் ஸ்பானிஷில் சிங்கம். ஊர்க் கொடியிலும் சிங்கம்தான்.

"லெகியோவாம், படையாம்! கொடியில நிக்கிறது என்ன, பூனையா?"

"யோவ், ரோமாபுரிப் படைக்கு லெகியோன்னு பேரு. அது தேஞ்சுதான்யா லெயோன். சிங்கத்தை அப்புறம் வரைஞ்சான்!"

"நீ போய்ப் பார்த்தியா?"

பதினோரு வருடமாக இதே சண்டை.

போன செவ்வாய், எங்கள் தெருவிலேயே எரிவாயுக் குழாய்க்குத் தோண்டினாள். பத்து மணிக்கு இயந்திரம் சட்டென்று நின்றது. பள்ளத்தில் குதித்தவள் கையால் மண்ணைத் தள்ளினாள். பெரிய செங்கல் ஒன்று. அதில் ஏதோ எழுத்து.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "மூடும்மா! தெரிஞ்சா மாசக்கணக்குல வேலை நிக்கும். உன் வேலையும் போயிடும்."

"போகட்டும் சார்." பொக்லைன் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு செங்கலின் பக்கத்திலேயே சம்மணம் போட்டுவிட்டாள். "அருங்காட்சியகத்துக்குப் போன் போடுண்ணே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் போன் போட்டேன்.

அரைமணியில் தொல்லியல் ஆய்வாளர் அம்மாள் வந்து தூரிகையால் துடைத்தார். எல், ஈ, ஜி. பக்கத்தில் ரோமானிய ஏழு. "லெகியோ! ஏழாம் படையோட முத்திரை," என்றவர், மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "இவங்க நிறுத்தாம இருந்திருந்தா நீங்கதான் பதில் சொல்லணும்." மேற்பார்வையாளர் தலைக்கவசத்தைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். தெருவே கைதட்டியது.

மக்காரியோ கூட்டத்தை விலக்கி வந்தார். "ஒரு செங்கலை வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார்.

பெனில்டே ஆய்வாளரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். மக்காரியோவின் மணிக்கட்டைப் பிடித்துப் பள்ளத்தில் இறக்கி, அவருடைய தடித்த ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின்மேல் வைத்து, மெல்ல நகர்த்தினாள்.