சின்னச்சாமிக்கு ஒரு டம்ளர் கஷாயம்

மகள் வாங்கிவந்த ஆடாதோடை டானிக்கைத் திறந்ததும் அந்தக் கசப்பு வாசனை அறையெங்கும் பரவியது. "இதுல இருக்கற ஆன்டிஆக்ஸிடன்ட் வைரஸ் சளிக்குக் கேக்குமான்னு ஆராய்ச்சி பண்றாங்கம்மா" என்றாள்.

நான் சிறுமியாக இருந்த ஐம்பதுகளில் திருப்பூரெங்கும் விஷக்காய்ச்சல். பனியன் கம்பெனி மெஷின்கள் நின்றுபோய், எங்கள் தெரு சத்தமில்லாமல் கிடந்தது. மூச்சுவிடத் திணறிய அப்பாவுக்கு, அம்மா ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள்.

நடுப்பகலில் அப்பா வாசலைக் காட்டினார். "சின்னச்சாமி நின்னு இருமறாரு, புள்ள. அவருக்கும் ஒரு டம்ளர் குடு."

வாசலில் வெயில் மட்டுமே இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்த சின்னச்சாமியைக் காலையில்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

"குடுக்கறனுங்க" என்ற அம்மா, டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. "குடிச்சாரா?" என்று கேட்டார்.

அம்மா போய்ப் பார்த்தாள். டம்ளர் காலியாக இருந்தது. "குடிச்சுட்டாருங்க" என்றாள்.

தாத்தாவின் கதையைக் கேட்ட மகள், "அப்ப இலைதான் அப்புச்சியக் காப்பாத்துச்சா?" என்றாள்.

"தெரியலை கண்ணு. ரெண்டு பேரும் ஒரே கஷாயந்தான் குடிச்சாங்க."