மூன்று பேர் பார்த்த ஒரே மாமா

1. கரும்பலகையில் ஒரு மார்க்கெட்

2006-இல் உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். சிம்பிள் பாஸ்ட் டென்ஸ் என்றால் எனக்குத் தனி வெறி. 'கோ' ஒருமுறை 'வென்ட்' ஆகிவிட்டால் போதும். நான் போனாலும் அவள் போனாலும் ஊரே போனாலும் அதே வென்ட்தான். 'டிட்' வந்தால் மட்டும் வென்ட் மறுபடி கோ ஆகிவிடும். இதைச் சொல்லும்போது எனக்கே கால் தரையில் நிற்காது.

எல்லாம் மனதில் பதிய நானே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். "எஸ்டர்டே ஐ வென்ட் டு தேனி மார்க்கெட். ஐ பாட் பிரிஞ்சால். ஐ மெட் மை அங்கிள். வீ டிராங்க் டீ." மொத்த வகுப்பும் எழுந்து நின்று ஒரே குரலில் ஒப்பிக்கும். கீழே உரக்கடைக்காரருக்கே அது மனப்பாடம். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த பேட்சில் அனுமந்தன்பட்டியிலிருந்து முருகேஸ்வரி வந்தாள். பட்டதாரி, ஆனால் வேலை வீட்டுத் திராட்சைத் தோட்டத்தில். மூன்று இன்டர்வியூவுக்குப் போய் வாயே திறக்காமல் திரும்பியவள். நான்காவது இன்டர்வியூ தேனிக்கே வந்தது. மதுரையில் ஒரு கம்பெனிக்கு, போனில் வாடிக்கையாளரோடு பேசும் வேலை. என் மாணவர்கள் நான்கு பேர் விண்ணப்பித்தார்கள். முந்தின வாரமே முருகேஸ்வரி சொல்லிவிட்டாள்.

"இதுவும் போச்சுன்னா இனி வீட்டுல அனுப்ப மாட்டாக டீச்சர். திராட்சைப் பந்தலுக்குள்ள நுழைஞ்சிற வேண்டியதுதான்."

2. மண்டப மேடை

இன்டர்வியூ ஒரு கல்யாண மண்டபத்தில். பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் மேடையில் மேசை போட்டு வெளிமாநில அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் கீழே நாற்காலி. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

முதலில் என் மாணவன் காஜா போனான். நேற்று என்ன செய்தாய் என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். என் பத்திக்கான கேள்வி! காஜா மூச்சு விடாமல் தேனி மார்க்கெட் போய், கத்திரிக்காய் வாங்கி, மாமாவோடு டீ குடித்துவிட்டு இறங்கினான். அடுத்த பெண்ணும் அதே மார்க்கெட், அதே மாமா. மூன்றாவது பையன் மாமாவைச் சந்தித்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"சேம் அங்கிள்?"

மண்டபமே சிரித்தது. எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் முருகேஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"மூணு பேரும் மாமாவப் பாத்துட்டாக டீச்சர். நான் இப்ப யாரப் பாக்க?"

"சித்தப்பாவப் பாத்தேன்னு சொல்லு."

"சித்தப்பாவும் இங்கிலீஷ்ல அங்கிள்தான டீச்சர்."

சொல்லிவிட்டு மேடையேறிவிட்டாள். அதே கேள்வி வந்தது. மேடையிலிருந்து என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஐ டிட் நாட் வென்ட் டு மார்க்கெட்" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். 'டிட்'டுக்குப் பின் 'வென்ட்' வரக்கூடாது என்றுதான் ஒரு மாதம் கத்தியிருந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. "பிக் ரெயின் கேம். கிரேப்ஸ் புரோக்." பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் வெடித்துவிடும், எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவும் அவளும் குலைகளை வெட்டினார்களாம், அக்கம்பக்கத்தார் ஓடி வந்து வெட்டினார்களாம். எல்லாம் இங்கிலீஷில்!

அதிகாரி முன்னால் சாய்ந்தார். "தென்?"

"தென் பந்தல் ஃபெல்."

பந்தல் என்றால் என்ன என்று கேட்டார். அவள் இரண்டு கையையும் உயர்த்திக் கல்தூணும் கம்பியும் காட்டினாள். ஒரு பக்கத்தை அவள் தாங்கிப் பிடிக்க, அவள் அப்பா கம்பியைக் கட்டினாராம். அதிகாரி மறுபடி "தென்?" என்றார். முன்னால் போன மூன்று பேரிடம் அவர் அந்த வார்த்தையைக் கேட்கவே இல்லை.

அங்கேயே அவளுக்கு வேலை உறுதியானது. போனில் கூப்பிடுகிறவர்கள் நடந்ததைத்தான் சொல்வார்கள், நடந்ததைப் பேசத் தெரிந்த ஆள்தான் தேவை என்று இறங்கும்போது என்னிடம் சொன்னார் அதிகாரி. மற்ற மூன்று பேரிடமும் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். தப்பு அவர்களுடையதல்ல.

3. மறுநாள்

முருகேஸ்வரி ஒரு கூடைத் திராட்சையோடு வந்தாள். நான் கரும்பலகையில் மார்க்கெட்டை அழித்துக்கொண்டிருந்தேன். வென்ட் சொல்லக் கற்றுக்கொடுத்தேனே தவிர, எங்கே போனார்கள் என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிழை இருக்கட்டும், முதலில் அவரவர் நேற்றைக் கேளுங்கள்.

"நீங்க நேத்து என்ன செஞ்சீக டீச்சர்? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள்.

வாய் தன்னால் 'ஐ வென்ட் டு தேனி மார்க்கெட்' என்று தொடங்கியது. நிறுத்தினேன். தேனியில் எனக்கு மாமாவே கிடையாது.

"ஐ சாட் இன் தி தேர்ட் ரோ. ஐ வாஸ் அஃப்ரெய்ட்."

மூன்றாவது வரிசையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்ததை ஒப்புக்கொண்டேன். அவள் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு திராட்சையை வாயில் போட்டாள்.

"தென்?"